தேசிய கீதத்துக்குப் பிறகு குருதி எடுக்கப்படும்

கொல்லிமலையின் தேவனூர் நாட்டில் சென்றாயனைத் தெரியாதவர்களுக்குக்கூட அவனுடைய இரத்தத்தைத் தெரியும். ஓ நெகட்டிவ். மலையிலேயே அந்த வகை இரத்தம் ஓடுகிற ஒரே ஆள் அவன்தான் என்று கொல்லிமலைத் தொடர் குருதிக்கொடை ஊக்குவிப்புப் பேரவை அறிவித்திருந்தது. பெண்கள் யாருக்கும் இன்னும் சோதித்துப் பார்க்கவில்லை என்பதை மட்டும் அறிவிக்கவில்லை. செம்மேடு பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே கட்டிய பேனரில் பேரவைத் தலைவர் பூபதியின் முழு உருவப் படமும், அவருடைய செருப்புக்குப் பக்கத்தில் தபால்தலை அளவுக்குச் சென்றாயனின் முகமும் இருந்தன. இரண்டு வருடத்தில் எட்டு முறை இரத்தம் கொடுத்தவன், எட்டுச் சான்றிதழ் வாங்கியவன், மூன்று மாதத்துக்கு ஒரு தடவை தவறாமல் சட்டைக் கையை மடித்துக்கொண்டு வந்து நிற்பவன் என்று அதில் எழுதியிருந்தது. அதில் சான்றிதழ் வாங்கியதும் சட்டைக் கையை மடித்ததும் மட்டும் உண்மை.

இதை வைத்துச் சென்றாயனை மோசக்காரன் என்று நினைத்துவிட வேண்டாம். மிளகுக்கொடியும் குச்சிக்கிழங்கும் உண்டு, தானுண்டு என்று கிடந்தவன். மிளகு பறிக்க ஆள் வேண்டும் என்று பக்கத்துக் காட்டுக்காரர் கூப்பிட்டால் போவான். அது மாதிரி, ஜீப்பில் மைக் கட்டிக்கொண்டு வந்து இரத்தம் வேண்டும் என்று கூப்பிட்டார்கள், போனான். போகும்போது கொடுக்கத்தான் போனான்.

முதல் முகாம் செம்மேட்டில் ஒரு பந்தலில் நடந்தது. கீழேயிருந்து இரத்த வங்கி வண்டி, டாக்டர், நர்ஸ், கட்டில், ஐஸ் பெட்டி எல்லாம் காலை ஒன்பது மணிக்கே எழுபது கொண்டை ஊசி வளைவையும் ஏறி வந்து சேர்ந்திருந்தன. வாசலில் விரல் நுனியில் குத்தி என்ன வகை என்று பார்த்தார்கள். அங்கேதான் ஓ நெகட்டிவ் வெளிப்பட்டது. பேரவைச் செயலாளர் அர்த்தனாரி ஓடிவந்து அவன் கையைப் பிடித்து முதல் வரிசையில் உட்காரவைத்தார். ஒரு அழைப்பிதழையும் கொடுத்தார். அதில் நிகழ்ச்சி நிரல் பதினேழு வரி. இறை வணக்கம், குத்துவிளக்கு, வரவேற்புரை, ஒன்பது பேருக்குப் பொன்னாடை, ஆண்டறிக்கை, தலைமையுரை, ஆறு பேரின் வாழ்த்துரை, உறுதிமொழி, சான்றிதழ், குழுப்படம், நன்றியுரை என்று இறங்கிக்கொண்டே போய், பதினாறாவது வரியில் தேசிய கீதம், பதினேழாவது வரியில் குருதி எடுத்தல் என்று இருந்தது.

பூபதி அடிவாரத்தில் கரும்பும் பாக்கும் வைத்திருக்கிற பெரிய விவசாயி. கனத்த குரல். தலைமையுரை பதினொரு மணிக்கு ஆரம்பித்தது.

"எனக்குச் சர்க்கரைங்க. அதனால நான் குடுக்கறதில்லீங்க. ஆனா ஊக்குவிக்கறதுக்குச் சர்க்கர ஒரு தடையான்னு டாக்டருகிட்டயே கேட்டுப்புட்டேன். தடை இல்லேன்னுட்டாரு. அன்னிக்கி ஆரம்பிச்சதுதானுங்க இந்தப் பேரவை. இரத்தம் எடுக்கறது டாக்டரு வேல. ஊக்குவிக்கறது நம்ம வேல. ரெண்டையும் போட்டுக் கொழப்பிக்கப்படாது."

ஒரு மணிக்கு அந்த நர்ஸ் எழுந்து வந்து, ஓரமாக நாலு பேருக்கு எடுக்க ஆரம்பிக்கட்டுமா என்று அர்த்தனாரியிடம் கேட்டாள். "தலைவர் பேசீட்டிருக்கறப்ப ஒருத்தன் படுத்துக் கெடந்தா அது மரியாதைங்களாம்மா?" என்றார் அவர். அவள் போய் உட்கார்ந்துகொண்டாள். மூன்றே முக்காலுக்குத் தேசிய கீதம் பாடினார்கள். தேசிய கீதம் பாடினால் கூட்டம் முடிந்தது என்பது நம் ஜனங்களுக்குச் சின்ன வயதிலிருந்து எலும்பில் ஏறிய பழக்கம். 'ஜெய ஹே' முடிவதற்குள் பந்தல்காரன் நாற்காலிகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினான், ஜனங்கள் சோளக்காடு பஸ்ஸுக்கு ஓடினார்கள். பனி இறங்கினால் வளைவுகளில் வண்டி ஓட்ட முடியாது என்று டாக்டரும் ஐஸ் பெட்டியோடு கிளம்பிவிட்டார். மடித்த சட்டைக் கையும் ஒரு கையில் சான்றிதழுமாகச் சென்றாயன் மட்டும் நின்றான்.

"ஏனுங்க, இன்னும் எங்கிட்ட எடுக்கவே இல்லீங்களே," என்றான்.

"குடுக்கணும்னு வந்தீங்களா இல்லீங்களா?"

"வந்தனுங்க."

"அப்பறம் என்னங்க. மனசு குடுத்துருச்சு. ஒடம்பு கொஞ்சம் பொறகால வரும்," என்றார் அர்த்தனாரி. நாற்பது வருடம் ஆபீஸில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். முகாம் முடிந்த கையோடு அன்றைக்கே கொடையாளர் பட்டியலை இரத்த வங்கியின் கம்ப்யூட்டர் பதிவில் ஏற்றிவிடுவதில் அவர் கெட்டிக்காரர். இரத்தம் எங்கே என்று அந்தக் கம்ப்யூட்டர் கேட்கவில்லை.

ஊட்டுக்கு வந்து மனைவி பொன்னாயியிடம் உள்ளதைச் சொல்லிவிடலாம் என்றுதான் சென்றாயன் வாயைத் திறந்தான். அவள் சான்றிதழைத் தடவிப் பார்த்துவிட்டு, "எம்புட்டுங்க எடுத்தாங்க? தல சுத்துதுங்களா?" என்று கேட்டாள். அதற்குள் பொன்னாயியின் தங்கை கண்ணாயி, நாலு ஊடு தள்ளிக் கட்டிக்கொடுத்தவள், முந்தானையில் ஐந்து முட்டையோடு வந்துவிட்டாள். "மாமா ஒடம்புல இருந்து ரத்தம் போயிருக்குது. மொதல்ல திங்கட்டும்," என்றாள். அவளிடம் இருந்ததே இரண்டு கோழி. சாப்பிட்டுவிட்டுச் சொல்லிக்கொள்ளலாம் என்று சென்றாயன் உட்கார்ந்தான். அவித்து, உப்பும் மிளகுத் தூளும் தூவியிருந்தாள். தின்று முடித்தபிறகு சொல்ல வாய் வரவில்லை.

சொல்லாத பேச்சு ஒரு நாள் தள்ளிப் போனால் இன்னும் கனத்துப் போகிறது. இரண்டாவது முகாமில் எப்படியாவது கொடுத்து இதை நேர் செய்துவிட வேண்டும் என்று போனான். சிறப்பு விருந்தினர் வளைவில் வாந்தி எடுத்துத் தாமதமாக வந்ததால் எல்லா வரியும் தள்ளிப்போய், பதினேழாவது வரிக்கு இடமில்லாமல் போயிற்று. மூன்றாவது முகாமில் நாற்காலி பற்றவில்லை என்று இரத்தம் எடுக்கிற கட்டிலில் வாழ்த்துரைக்காரர்கள் ஆறு பேரும் உட்கார்ந்து அது முறிந்தது. நாலாவது முகாமுக்கு வண்டியையே வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். போன தடவை மேடையை மறைத்துக்கொண்டு நின்றதாம். வண்டி இல்லாததால் நிகழ்ச்சி குறித்த நேரத்தில் முடிந்தது என்று ஆண்டறிக்கையில் பெருமையாக எழுதினார்கள்.

ஐந்தாவது முகாமில் படம் எடுக்க வேண்டும், ஒருவன் படுத்திருந்தால் எடுப்பாக இருக்கும் என்று பூபதிக்குத் தோன்றியது. சென்றாயனைப் படுக்கவைத்து, முழங்கையில் ஒரு குழாயைப் பிளாஸ்திரி போட்டு ஒட்டினார்கள். பை காலியாக இருந்தால் நன்றாக இருக்காதே. சிறப்பு விருந்தினருக்குச் சுற்றிய ஆலாத்தித் தண்ணீர் தட்டில் மீதி இருந்தது. அதை ஊற்றிக் கட்டினார்கள். சுண்ணாம்பும் மஞ்சளும் கலந்த சிவப்பு படத்தில் இரத்தத்தைவிட நன்றாக வந்தது. பைக்குள் ஒரு வெற்றிலைத் துணுக்கு மிதந்ததை யாரும் கவனிக்கவில்லை. பேனரில் இருக்கிற முகம் அந்தப் படத்திலிருந்து வெட்டி எடுத்ததுதான்.

ஆறாவது முகாமுக்குப் போகக்கூடாது என்று சென்றாயன் மிளகுக்கொடிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டான். ஜீப் தேடி வந்தது. "ஓ நெகட்டிவ் எங்கிருந்தாலும் ரோட்டுக்கு வரவும்" என்று மைக்கில் கூப்பிட்டார்கள். ஊரே சேர்ந்து தேடிக் கொடுத்தது.

ஒவ்வொரு முகாமுக்கும் முட்டை வந்தது. சோளக்காட்டு டீக்கடையில் அவனைக் கண்டால் எழுந்து இடம் கொடுத்தார்கள். முதலில் கூசியது, பிறகு அந்த இடம் காலியாக இல்லாவிட்டால் கோபம் வந்தது. அப்படிக் கோபம் வந்த அன்றைக்கு ஊட்டுக்கு வரும் வழியெல்லாம் தன்னைத் தானே கெட்ட வார்த்தை சொல்லித் திட்டிக்கொண்டு வந்தான். ஆனால் டீயைக் குடித்துவிட்டுத்தான் வந்தான்.

எட்டாவது முகாமில் அவனுக்குக் 'குருதி மாமணி' என்று பட்டம் கொடுத்தார்கள். அப்போது கண்ணாயி ஒன்பது மாதம். மேடு ஏற முடியாமல் மூச்சு வாங்கிக்கொண்டு, ஒரு கையை இடுப்பில் வைத்துக்கொண்டு, முட்டையோடு வந்து நின்றாள். முகம் வெளிறிக் கிடந்தது.

"நீ தின்னு கண்ணு. வவுத்துப் புள்ளக்காரி," என்றான் சென்றாயன்.

"எனக்கென்னங்க மாமா. நானென்ன ரத்தமா குடுத்துப்போட்டு வந்தேன்?"

அவன் குனிந்துகொண்டே தின்றான்.

அதிலிருந்து ஒன்பதாம் நாள் காலையில் கண்ணாயிக்கு வலி கண்டது. செம்மேட்டு ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு உடனே கீழே கொண்டுபோகச் சொன்னார்கள். ஆம்புலன்ஸில் அவள் புருஷன் சின்னராசு, பொன்னாயி, சென்றாயன் மூன்று பேரும் ஏறினார்கள். எழுபது வளைவிலும் பொன்னாயி தங்கையின் தலையை மடியில் பிடித்துக்கொண்டு வந்தாள். கீழே பெரிய ஆஸ்பத்திரியில் பத்து மணிக்குப் பெண் குழந்தை பிறந்தது. குழந்தை அழுதது, ஆனால் தாய்க்கு உதிரப்போக்கு நிற்கவில்லை. உடம்பில் இருக்க வேண்டிய இரத்தம் பன்னிரண்டு என்றால் இவளுக்கு ஆறுதான் இருக்கிறது, முன்னாலேயே கம்மியாக இருந்திருக்கிறது என்றார் டாக்டர். வகை ஓ நெகட்டிவ். வங்கியில் ஒரே ஒரு பை இருந்தது, அதை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். சின்னராசுவுக்கும் பொன்னாயிக்கும் வேறு வகை.

"எங்கூட்டுக்காரரு ஓ நெகட்டிவுங்க," என்றாள் பொன்னாயி. "எட்டு வாட்டி குடுத்தவருங்க. குருதி மாமணிங்க." அந்த நிலைமையிலும் அவள் குரலில் கொஞ்சம் பெருமை இருந்தது.

இரத்த வங்கியில் இருந்தவள் கலைச்செல்வி. முதல் முகாமில் ஓரமாக எடுக்கட்டுமா என்று கேட்ட அதே நர்ஸ். சென்றாயனின் பெயரைக் கம்ப்யூட்டரில் போட்டாள், திரையைப் பார்த்தாள், நிமிர்ந்தாள்.

"ஒம்போது நாளைக்கி முன்னாடிதான் குடுத்திருக்கீங்க. தொண்ணூறு நாள் ஆகாம எடுக்க முடியாதுங்க. உங்க உசுருக்கு ஆகாது."

சென்றாயன் திரும்பிப் பார்த்தான். பொன்னாயி பக்கத்திலேயே நின்றாள். கொடுக்கவில்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்த நிமிஷமே முடிந்திருக்கும். அவன் அதைச் சொல்லவில்லை. "ஒரு நிமிசங்க," என்று வராந்தாவுக்கு வந்து பூபதிக்குப் போன் போட்டான். பேரவையே சொல்லிவிட்டால் பொன்னாயிக்குத் தெரியாமல் காரியம் நடந்துவிடும் என்று கணக்குப் போட்டான். பின்னால் எத்தனையோ நாள் அந்த ஒரு நிமிஷத்தை நினைத்து அவன் சோற்றைத் தள்ளி வைத்திருக்கிறான்.

"ஐயா, நான் அன்னிக்கிக் குடுக்கலேன்னு நர்ஸம்மாகிட்ட ஒரு வார்த்த சொல்லுங்க. உசுருப் பிரச்சனைங்க," என்றான்.

"குடுக்கலேன்னா எப்புடிங்க சென்றாயா? சான்றிதழ்ல யாரு கையெழுத்து? என்ர கையெழுத்து. நீங்க குடுக்கலேன்னா என்ர கையெழுத்து பொய்யா?"

"இல்லீங்க. ஆனா எடுக்கலீங்களே."

"அது வேறங்க. இப்ப எட்டாவது முகாம் நடக்கலேன்னா ஏழாவதையும் கேப்பாங்க. ஏழக் கேட்டா ஒண்ணுல போய் நிக்கும். தொடர் கொடையில மாவட்டத்துக்கே மொத எடம் வாங்கியிருக்கறோம். ஒரு ஆளு உசுருக்காக ஆயிரம் பேர ஊக்குவிக்கற பேரவையக் கவுக்கலாமுங்களா? யோசிச்சுப் பாருங்க. செயலாளருகிட்டக் குடுக்கறேன்."

அர்த்தனாரி நிதானமாகப் பேசினார். "பதிவத் திருத்தறதுக்கு வழி இருக்குதுங்க. நீங்க ஒரு மனு எழுதோணும். செயற்குழு கூடோணும். அடுத்த கூட்டம் பன்னண்டாந் தேதி. அதுக்குப் பதிலா எம்பத்தியொரு நாளு பொறுத்துட்டீங்கன்னா மனுவே வேண்டீதில்ல, தானாவே செரியாயிரும்."

இப்படியாக இருபத்தைந்து நிமிஷம் போயிற்று. சென்றாயன் போனை வைத்துவிட்டுத் திரும்பினால் பொன்னாயி வாசற்படியில் நின்றுகொண்டிருந்தாள். எவ்வளவு கேட்டாள் என்று தெரியவில்லை. அவன் அவளைத் தாண்டி உள்ளே போய்க் கலைச்செல்வியின் முன்னால் நின்றான்.

"நான் இதுவரைக்கும் ஒரு வாட்டிகூடக் குடுத்ததில்லீங்க," என்றான். "எட்டும் பொய்யிங்க. எடுத்துக்கங்க."

கலைச்செல்வி அவனுடைய இரண்டு முழங்கை மடிப்பையும் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். டாக்டரைக் கூப்பிட்டுப் பேசினாள். ஒரு வெள்ளைத் தாளை நீட்டி, சொன்னதை அவன் கையாலேயே எழுதித் தரச் சொன்னாள். 'நான் இதுநாள் வரை யாருக்கும் இரத்தம் கொடுத்தது இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டான். அவன் வாழ்க்கையில் எழுதிக்கொடுத்த நீளமான வாசகம் அதுதான். பிறகு விரலில் குத்திச் சோதித்தாள்.

"பதினஞ்சரை இருக்குதுங்களே. நல்ல ஒடம்பு. முட்டை கிட்டையெல்லாம் சாப்பிடுவீங்களா?" என்று கேட்டாள். அவள் சாதாரணமாகத்தான் கேட்டாள்.

"சாப்புடுவேனுங்க," என்றான். பொன்னாயி சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

எடுத்து முடிக்கப் பத்து நிமிஷம்தான் ஆயிற்று. இவ்வளவுதானா என்று சென்றாயனுக்கு இருந்தது. இரண்டு வருடமாகப் பந்தலும் மைக்கும் பொன்னாடையும் போட்டுத் தள்ளிக்கொண்டே வந்தது இந்தப் பத்து நிமிஷத்தைத்தான். அவன் இரத்தத்தை ஏற்றியபிறகு, சாயங்காலத்துக்குள் பக்கத்து ஊரிலிருந்து இன்னொருவரைக் கூப்பிட்டு எடுத்தார்கள். தறி ஓட்டுகிறவர், லுங்கியோடு வந்தார், கொடுத்தார், ஒரு பிஸ்கட்டை வாயில் போட்டுக்கொண்டு போய்விட்டார். கண்ணாயி பிழைத்துக்கொண்டாள்.

சென்றாயன் கொடுத்ததைக் கலைச்செல்வி கம்ப்யூட்டரில் ஏற்றப் பார்த்தாள். தொண்ணூறு நாள் ஆகாததால் ஏறாது என்று அது மறுத்துவிட்டது. நோட்டில் பேனாவால் எழுதி வைத்துக்கொண்டாள். கொடுக்காத எட்டும் கம்ப்யூட்டரில் இருக்கின்றன. கொடுத்த ஒன்று இன்றைக்கும் அந்த நோட்டில்தான் இருக்கிறது.

பொன்னாயி ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது அவனுக்கு. சோறு போட்டாள், தண்ணீர் வைத்தாள், முகத்தை மட்டும் பார்க்கவில்லை. "கண்ணாயிகிட்ட நீங்களே சொல்லிக்கங்க" என்றாள், ஒரே ஒரு தடவை.

ஒரு மாதம் கழித்துப் பேரவை செம்மேட்டில் பாராட்டு விழா வைத்தது. உயிர்காத்த ஒன்பதாவது கொடைக்காக. உண்மையை எல்லார் முன்னாலும் சொல்லிவிடுவது என்று தீர்மானித்துச் சென்றாயன் மேடை ஏறினான். பொன்னாடை போர்த்தினார்கள், ஏற்புரைக்கு மைக்கைக் கொடுத்தார்கள்.

"எல்லாரும் மன்னிக்கோணும். நான் எட்டு வாட்டி குடுக்கலீங்க. பொய்யிங்க அது. சான்றிதழ வாங்கீட்டுச் சும்மா இருந்தனுங்க. குடுத்தது இந்த ஒருக்காத்தானுங்க."

அர்த்தனாரி தண்ணீர் குடித்தார். பூபதி எழுந்து வந்து சென்றாயனின் தோளில் கை போட்டு, மைக்கை மெல்ல வாங்கிக்கொண்டார்.

"பாத்துக்கங்க. குடுத்துப்போட்டுக் குடுக்கவே இல்லேங்கறாரு. வலது கை குடுக்கறது எடது கைக்குத் தெரியப்படாதுன்னு நெனைக்கற மனுசன். இதுதானுங்க தன்னடக்கம். நானே எத்தன வாட்டி ஊக்குவிச்சிருக்கறேன், ஒருக்காவாச்சும் ஊக்குவிக்கலேன்னு சொல்ல எனக்கு வாய் வந்ததா? வரல. அந்தப் பக்குவம் எனக்கு வரல." அவர் கண் கலங்கியே இருந்தது. "அவருக்குத் தன்னடக்கச் செம்மல்னு இன்னொரு பட்டத்த இந்த மேடையிலயே அறிவிக்கறனுங்க."

கைதட்டல் அடங்க வெகு நேரமாயிற்று. இல்லீங்க, நெசமாத்தானுங்க என்று சென்றாயன் சொல்லச் சொல்ல இன்னும் தட்டினார்கள். பிறகு தேசிய கீதம் பாடிவிட்டார்கள். நாற்காலியை அடுக்க ஆரம்பித்தார்கள்.

பொன்னாடையைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அவன் நேராகக் கண்ணாயி ஊட்டுக்குப் போனான். வெயில் இன்னும் இருந்தது. வாசலில் கட்டில் போட்டுக் குழந்தையைப் பக்கத்தில் கிடத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முகத்தில் கொஞ்சம் நிறம் வந்திருந்தது. அவனைப் பார்த்ததும் கட்டிலுக்கு அடியிலிருந்த கூடையை இழுத்தாள்.

"வாங்க மாமா. ஆஸ்பத்திரியில குடுத்ததுக்கு இன்னும் நான் உங்களுக்கு ஒண்ணும் செய்யவே இல்ல. ஆறு சேந்திருக்குது, எடுத்துட்டுப் போயி அக்காவ அவிக்கச் சொல்லுங்க."

"வேண்டாங் கண்ணு." அவன் உட்காரவில்லை. "நான் மின்ன எப்பவும் குடுத்ததில்ல. அந்த எட்டு வாட்டியும் ஒரு சொட்டுக்கூட யாரும் எடுக்கல. உனக்குக் குடுத்ததுதான் மொத வாட்டி."

மேடையில் முந்நூறு பேர் நம்பாததைக் கண்ணாயி உடனே நம்பிவிட்டாள். கூடையில் இருந்த கையை எடுக்காமல் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குக் கோபம் வரவில்லை. எதையோ விரல்விட்டு எண்ணிப் பார்க்கிறவளின் முகமாக இருந்தது அது.

"அப்ப அந்த முட்டையெல்லாம், மாமா?"

"தின்னுட்டேன் கண்ணு."

குழந்தை சிணுங்கியது, கண்ணாயி அதன் பக்கம் திரும்பிக்கொண்டாள். சென்றாயன் கக்கத்துப் பொன்னாடையோடு அப்படியே நின்றான். குடிசை மூலையிலிருந்து கோழி ஒன்று கொக்கரித்துக்கொண்டே வெளியே வந்து அவன் காலைச் சுற்றிக்கொண்டு போயிற்று. அது இட்டுவிட்டுப் போன முட்டையை எடுக்க இரண்டு பேரும் போகவில்லை.